கரிக்கட்டை பேசியது!

கரிக்கட்டை, தோழர்களே, வெறும் கரிக்கட்டை! அழுத்திப் பிடித்தால் பொடியாகும், ஊதினால் பறக்கும், அடுப்பிலே போட்டால் இன்னொரு முறை எரியும். அதைத்தான் ஓர் அரசன் அரண்மனையிலே பூட்டி வைத்தான். ஐரோப்பாவை அதிர வைத்த நெப்போலியனுக்குக் காணிக்கையாக அனுப்பினார்கள், அதிலே ஆறு கட்டைகளை! அதைத்தான் மூன்று இளைஞர்கள் (ஒருவர் எகிப்தியர், ஒருவர் அமெரிக்கர், ஒருவர் சுவிட்சர்லாந்துக்காரர்) தொடாமல், பிரிக்காமல், பக்கத்திலேகூடச் செல்லாமல், படித்துக் காட்டினார்கள்!

மாயமா, மந்திரமா என்று கேட்பாரும் உளர். மாயமுமில்லை, மந்திரமுமில்லை. எப்படி நடந்தது என்பதை அடியிலிருந்து சொல்கிறேன். சற்றுப் பொறுமையோடு கேட்க வேண்டும்; ஏனெனில் இந்தக் கதையிலே பொறுமைதான் கதாநாயகன்; அவசரம்தான் கயவன்!

கி.பி. 79-ஆம் ஆண்டு. இத்தாலி நாட்டிலே, நேபிள்ஸ் வளைகுடாவின் கரையிலே, வெசுவியஸ் என்றோர் எரிமலை. சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம், அடிவாரமெல்லாம் செல்வர்களின் மாளிகை. மலை ஒருநாள் வெடித்தது. மலைக்குச் சினம் என்பான் கவிஞன். மலைத் தேவனுக்குச் சினம் என்பான் பூசாரி. மலைக்குச் சினமுமில்லை, சிரிப்புமில்லை! உள்ளே உருகிக் கிடந்த பாறைக்கும் அடைபட்டுக் கிடந்த ஆவிக்கும் வெளியேற வழி வேண்டியிருந்தது; வழி கண்டது; வந்தது. அவ்வளவுதான். பக்தர் வீடு, பகைவர் வீடு என்று பார்த்தா புதைத்தது?

பாம்பேயைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்கு அருகிலே, அதைவிடச் சிறிய ஊர், ஹெர்குலேனியம். அங்கே பாய்ந்து வந்தது, கொதிக்கும் காற்றும் சாம்பலும் கலந்த வெள்ளம். கடற்கரையிலே படகுக் கொட்டில்களிலே ஒதுங்கி நின்ற ஏறத்தாழ 300 பேர், பெண்களும் குழந்தைகளும் அவர்களிலே உண்டு, நின்ற இடத்திலே மாண்டனர். அவர்களுடைய எலும்புகளை 1980-களிலேதான் கண்டெடுத்தார்கள். ஊரின் மீது 20 மீட்டர் கனத்துக்கு மண்ணும் சாம்பலும் இறுகிப் பாறையாகிவிட்டது. அதன் மேல் வேறோர் ஊர் எழுந்தது. கீழே என்ன கிடக்கிறது என்று அறியாமல் கல்யாணம் செய்து, கடை வைத்து, காலங்கழித்தார்கள் மேலே இருந்தவர்கள்.

1750-இலே, அந்த ஊருக்கு வெளியே, கடலைப் பார்த்தபடி கட்டப்பட்டிருந்த ஒரு பெரிய மாளிகையைக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தார்கள் என்றால் திறந்து பார்த்தார்கள் என்று பொருளல்ல. எலி வளை தோண்டுவதுபோலப் பாறைக்குள்ளே சுரங்கம் குடைந்து, பந்த வெளிச்சத்திலே தடவித் தடவிப் பார்த்தார்கள். குடைந்தவர்களிலே கைதிகள் உண்டு. நேபிள்ஸ் மன்னன் சார்லசுக்கு வேண்டியது சிலை. வெண்கலச் சிலை, சலவைக்கல் சிலை, அரண்மனையை அலங்கரிக்கத்தக்க அழகுச் சிலை! அவை கிடைத்தன, ஏராளமாக. 1752-இலே, சிலைகளுக்கு நடுவே, வேறொன்றும் கிடைத்தது.

என்ன பேசியிருப்பார்கள் அந்தச் சுரங்கத்திலே? நான் எண்ணிப் பார்க்கிறேன்.

"என்னடா அது, உன் கையிலே?"

"கரிக்கட்டை, ஐயா! அலமாரி நிறைய அடுக்கியிருக்கிறது."

"கரியை எவனடா அலமாரியிலே அடுக்குவான்?"

அந்தக் கேள்வி, தோழர்களே, அந்த ஒரு கேள்வி யாருக்கோ தோன்றியதால்தான் மிஞ்சியவை மிஞ்சின! அதற்கு முன்பே எத்தனை கட்டைகள் குப்பையோடு போயினவோ, எத்தனை பந்தமாக எரிந்தனவோ, யார் கண்டது? ஒன்றை உடைத்துப் பார்த்தபோது உள்ளே மெல்லிய ஏடு ஏடாகச் சுற்றியிருப்பது தெரிந்தது. ஏட்டிலே எழுத்து! கருப்பின் மேல் கருப்பாக எழுத்து!

பாப்பிரசுச் சுருள்கள். நைல் நதிக்கரை நாணலைக் கீறி, குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, அடித்து, காயவைத்துச் செய்வது பாப்பிரசு. எகிப்திலிருந்து கப்பலேறி வந்த அந்தத் தாளிலேதான் கிரேக்கனும் ரோமனும் எழுதினார்கள். எகிப்தின் வறண்ட மணலிலே அது நெடுங்காலம் கிடக்கும்; இத்தாலியின் ஈரத்திலே சில நூறு ஆண்டுகளிலே மக்கிப் போகும். சீசர் காலத்து ரோமாபுரியிலே இருந்த நூலகம் ஒன்றாவது நமக்கு மிஞ்சியதா? இல்லை. இந்த மாளிகை நூலகத்தை நெருப்பு சூழ்ந்தது; ஆனால் மூடிய சாம்பலுக்குள்ளே எரிவதற்கு வேண்டிய காற்று இல்லை. எனவே எரியவில்லை, கரிந்தது. கரிந்ததால் மக்கவில்லை! அழித்த நெருப்பே காத்து வைத்தது. கிரேக்க, ரோமானிய உலகத்திலிருந்து, நூலகமாகவே நம் கைக்கு வந்து சேர்ந்தது இது ஒன்றுதான்.

வந்து சேர்ந்தது. படித்தார்களா? அங்கேதான் வேதனை.

அரண்மனை அருங்காட்சியகத்தின் காப்பாளர் பதேர்னி என்பவர், சுருளைக் கத்தியால் நெடுக்குவாட்டில் பிளந்தார். வாழைத்தண்டைப் பிளப்பதுபோல! பிறகு உட்புறத்து ஏட்டிலே தெரிந்த எழுத்தைப் படமாக வரைவது, வரைந்ததும் அந்த ஏட்டைச் சுரண்டி எறிவது, அடுத்த ஏட்டைப் பார்ப்பது. படித்த பக்கத்தை அழித்தால்தான் அடுத்த பக்கத்தைப் படிக்கலாம்! உலகத்திலே இப்படியொரு வாசகன் உண்டா? அவரைக் கொடியவர் என்று நான் சொல்லமாட்டேன். அறிவதிலே ஆசை இருந்தது. அழிக்கிறோமே என்ற அச்சம் இல்லை. அத்தகையவர்களாலே உண்டான கேடு, அறிவை வெறுத்தவர்களாலே உண்டான கேட்டுக்குச் சற்றும் குறைந்ததல்ல.

பிறகு பியாஜியோ என்ற பாதிரியார் வந்தார், வத்திக்கான் நூலகத்திலிருந்து. பாதிரியார் என்றதும் முகம் சுளிப்போர் சுளிக்க வேண்டாம். நல்ல கைவினைஞர் அவர், நாம் மதிக்கத்தக்கவர். ஒரு கருவி செய்தார். சுருளைத் தாங்க ஓர் அணைப்பு. மேலேயிருந்து தொங்கும் பட்டு நூல்கள். ஏட்டின் முதுகிலே விலங்குக் குடலின் மெல்லிய சவ்வை ஒட்டி, நூலிலே கட்டி, மெல்ல மெல்ல, ஒரு நாளைக்குச் சில மில்லிமீட்டர் மட்டும் பிரிப்பது. மேளதாளம் போல நாளெல்லாம் முழங்கும் வேலையல்ல. மூச்சை அடக்கிச் செய்யும் வேலை. முதல் சுருளைப் பிரித்து முடிக்க ஆண்டுகள் சில ஆயின. ஆயினும் பிரிந்தது! எழுத்து தெரிந்தது! அரண்மனையிலே ஆவல் பொங்கியது. தொலைந்து போன பெருங்காவியமோ? வீர வரலாறோ? நாடகமோ?

இசையைப் பற்றிய தத்துவ நூல். எழுதியவர் பிலோடெமஸ்.

யாருக்கும் தெரியாத பெயர் அல்ல. ஆனால் யாரும் தேடிய பெயருமல்ல. உதட்டைப் பிதுக்கினார்கள் என்று சொல்வார்கள். அரசர்களுக்கு ஆர்வம் குறையவே சுருள்கள் சீமான்களுக்கும் சிற்றரசர்களுக்கும் சீதனமாயின. 1802-இலே நெப்போலியனுக்கு ஆறு. இங்கிலாந்து இளவரசனுக்கும் சில; பதிலுக்கு அவன் கங்காருக்களை அனுப்பினான் என்றோர் கதை உண்டு. கங்காரு கதை உண்மையோ, பொய்யோ. அறிவுக் கருவூலத்தை அரசர்கள் எந்த விலைக்கு மதித்தார்கள் என்பதைச் சொல்லும் கதை! 1819-இலே இங்கிலாந்தின் புகழ்பெற்ற வேதியியல் அறிஞர் ஹம்ஃப்ரி டேவி, சுரங்கத் தொழிலாளரின் உயிர் காக்கும் விளக்கைக் கண்டுபிடித்தவர், நேபிள்சுக்கு வந்து வேதிப்பொருள்களால் ஏடுகளைப் பிரிக்க முயன்றார். பலன் சொற்பம். மனம் கசந்து திரும்பினார்.

நான் சிறுவனாயிருந்தபோது வேர்க்கடலைப் பொட்டலத்தைத் தின்று முடித்ததும் அந்தக் காகிதத்தைப் பிரித்துப் படிப்பேன். எண்ணெய் ஊறிய காகிதம், பாதிச் செய்தி, தலைப்பு இருக்கும், முடிவு இருக்காது. அந்த முடிவு என்னவோ என்று இரவெல்லாம் எண்ணிக் கிடந்ததுண்டு. கல்லூரி வாசலை மிதிக்காத எனக்குக் காகிதப் பொட்டலம்தான் பல நாள் கல்லூரி. எனவே, 1,800-க்கு மேற்பட்ட சுருள்களும் துண்டுகளும் கிடந்து, அவற்றிலே சில நூறு பிரிக்கப்படாமலே இருக்க, பக்கத்திலே நின்று பார்த்தவன் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

பிரிக்க முடிந்தவற்றிலே என்ன இருந்தது? அதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலானவை கிரேக்க மொழியிலே, பிலோடெமஸ் எழுதியவை. அவர் இன்றைய ஜோர்தான் நாட்டிலே உள்ள கதாரா என்ற ஊரிலே பிறந்தவர். எபிகூரஸ் என்ற கிரேக்க அறிஞரின் வழி வந்தவர். மாளிகை, ஜூலியஸ் சீசரின் மாமனார் பிசோவுக்குச் சொந்தமாயிருந்திருக்கலாம் என்று அறிஞர்கள் எண்ணுகிறார்கள். பிசோ, பிலோடெமசின் புரவலர். எபிகூரஸ் என்ன சொன்னார்? உலகம் அணுக்களால் ஆனது. தேவர்கள் இருந்தாலும் நம் அடுப்பங்கரையிலே என்ன வேகிறது என்று எட்டிப் பார்ப்பது அவர்கள் வேலையல்ல. இடி இடித்தால் அது இயற்கை, தண்டனையல்ல. சாவு வரும்போது நாம் இருக்கமாட்டோம், பிறகு அஞ்சுவானேன்? இந்த நூலகத்துச் சுருள் ஒன்றிலேதான் அந்தக் கொள்கை நான்கு மருந்தாகச் சுருக்கித் தரப்பட்டிருக்கிறது: தெய்வத்துக்கு அஞ்சாதே, சாவுக்குக் கலங்காதே, தேவையானது எளிதில் கிட்டும், துன்பம் தாங்கத்தக்கது என்ற கருத்திலே. வெசுவியஸ் அடிவாரத்திலே, மலை வெடிப்பதற்கு நூறாண்டுக்கு முன்னே எழுதி வைத்தான், மலை வெடித்தால் அது தேவன் சினமல்ல என்று எண்ணிய மனிதன்! அவனுடைய ஏடுகளைத்தான் மலை பத்திரமாக வைத்திருந்தது!

இனி நம் காலத்துக்கு வருவோம்.

அமெரிக்காவிலே கென்டக்கிப் பல்கலைக்கழகத்திலே பிரென்ட் சீல்ஸ் என்றொரு கணிப்பொறிப் பேராசிரியர். அவருக்கு ஓர் எண்ணம். மருத்துவமனையிலே வயிற்றைக் கிழிக்காமலே வயிற்றுக்குள் இருப்பதைப் படமெடுக்கிறார்களே, சுருளைப் பிரிக்காமலே சுருளுக்குள் இருப்பதைப் படமெடுத்தால் என்ன? எடுத்த படத்திலே ஏட்டின் சுற்றுகளைக் கணிப்பொறி கொண்டு தேடிப் பிடித்து, திரையிலே தட்டையாக விரித்தால் என்ன? பிரிக்காமல் பிரிப்பது! இருபது ஆண்டு அந்த எண்ணத்தோடு அலைந்தார். 2009-இலே பாரிசுக்குச் சென்று, நெப்போலியனுக்கு வந்த சுருள்களிலே இரண்டை எக்ஸ் கதிரால் படமெடுத்தார். உள்ளே சுற்றுகள் தெரிந்தன, மரத்தின் வளையங்கள்போல. எழுத்து? ஒன்றுகூடத் தெரியவில்லை!

காரணம் எளிது. எலும்பு எக்ஸ் கதிரிலே தெரிவானேன்? சதையைவிட அடர்த்தி அதிகம், எனவே தெரிகிறது. மையிலே இரும்போ ஈயமோ கலந்திருந்தால் அதுவும் தெரியும். ஹெர்குலேனியத்து மையோ புகைக்கரியால் செய்தது. ஏடும் கரி, எழுத்தும் கரி! கரிக்குள்ளே கரியைத் தேட வேண்டும். இருட்டறையிலே கருப்புப் பூனையைத் தேடும் வேலை என்று சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள்.

சீல்ஸ் சோரவில்லை. இஸ்ரேலிலே என்கெதி என்ற இடத்திலே எரிந்துபோன யூதர் வழிபாட்டுக் கூடத்திலிருந்து 1970-இலே எடுத்த ஒரு சுருள், தொட்டாலே உதிரும் நிலையிலே கிடந்தது. அதன் மையிலே அடர்த்தி இருந்தது. அதைப் பிரிக்காமலே படித்தார். விவிலியத்தின் லேவியராகமப் பகுதி என்று 2015-இலே உலகுக்கு அறிவித்தார்கள். முறை சரி என்று மெய்ப்பித்தாயிற்று. பிறகு 2019-இலே, இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயரிலே உள்ள டயமண்ட் என்ற பெரும் ஒளிக்கூடத்துக்குப் பாரிசுச் சுருள்களைக் கொண்டு சென்றார்கள். அங்கே பிறக்கும் எக்ஸ் கதிர், மருத்துவமனைக் கதிரைவிடப் பன்மடங்கு வலிமையும் கூர்மையும் உடையது. 8 மைக்ரான் நுணுக்கத்திலே, அதாவது தலைமயிரின் கனத்திலே ஏறத்தாழப் பத்திலொரு பங்கு நுணுக்கத்திலே, படம் கிடைத்தது. படம் கையிலே, படிக்கும் வழி?

இங்கே, தோழர்களே, சீல்ஸ் செய்த ஒரு காரியத்தை நான் அவருடைய கருவிகளைவிடப் பெரிதாகக் கருதுகிறேன். படத்தை உலகத்துக்குத் திறந்துவிட்டார்! இருபது ஆண்டு உழைத்தவர், 'இது என் உடைமை, என் பெயர், என் புகழ்' என்று பெட்டியிலே பூட்டியிருக்கலாம். அப்படிப் பூட்டியவர் எத்தனை பேர்! 2023-ஆம் ஆண்டு மார்ச்சு 15-ஆம் நாள், கணிப்பொறித் துறையிலே செல்வம் சேர்த்த நாட் ஃப்ரீட்மன், டேனியல் கிராஸ் இருவரோடு சேர்ந்து 'வெசுவியஸ் அறைகூவல்' என்று போட்டியை அறிவித்தார். படங்கள் இதோ, யார் வேண்டுமானாலும் எடுங்கள், ஆண்டு முடிவதற்குள் ஒவ்வொன்றும் 140 எழுத்துக் கொண்ட நான்கு பகுதிகளைப் படித்துக் காட்டினால் பெரும்பரிசு! இடையிடையே சிறு பரிசுகள். சிறு பரிசு வென்றவன் தன் வழியை எல்லோருக்கும் வெளிப்படுத்த வேண்டும், அடுத்தவன் அங்கிருந்து மேலே ஏறலாம். போட்டி என்று பெயர். உள்ளே நடந்தது கூட்டுறவு!

முதல் வேலை அலுப்பூட்டும் வேலை. ஆயிரக்கணக்கான படத்துண்டுகளிலே, நெளிந்து வளைந்து நசுங்கிக் கிடக்கும் ஏட்டின் கோட்டைக் கண்ணால் பின்தொடர்ந்து, கையால் குறித்துக்கொண்டே போக வேண்டும். அதற்கென்றே சிலர் அமர்த்தப்பட்டார்கள். நாள் முழுதும் செய்தால் சிறு துண்டு ஏடு விரியும். நாளேடுகள் இளைஞர்களின் பெயரைக் கொட்டை எழுத்திலே போட்டன. இவர்களின் பெயரைப் போடவில்லை. கோபுரத்தைப் பார்ப்போர் கொல்லூற்றை நினைப்பதில்லை!

பிறகு கேசி ஹாண்ட்மர் என்ற ஆஸ்திரேலியர். இயற்பியல் படித்தவர். அவர் என்ன கருவி வைத்திருந்தார்? கண்! விரித்த ஏட்டின் படத்தை மணிக்கணக்காக உற்றுப் பார்த்தார். சில இடங்களிலே, வறண்ட ஏரியின் சேறு வெடித்திருப்பதுபோல மெல்லிய வெடிப்பு தெரிந்தது. காய்ந்த மை! அடர்த்தியிலே வேறுபாடு இல்லாவிட்டால் என்ன, மேற்பரப்பிலே வேறுபாடு இருக்கிறதே! மை ஏட்டின் மேல் படிந்து காய்ந்து வெடித்த தடம் இருக்கிறதே! அந்த வெடிப்புகள் சேர்ந்து எழுத்து வடிவம் காட்டின. இருநூற்றைம்பது ஆண்டு யாரும் காணாததைக் கண்டவன், காண வேண்டும் என்று உட்கார்ந்தவன்.

லூக் ஃபாரிட்டர் என்ற 21 வயது மாணவர், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தவர், அந்த வெடிப்புத் தடங்களைக் கணிப்பொறிக்குக் காட்டி, 'இதுபோல் இன்னும் எங்கே இருக்கிறது, தேடு' என்று பழக்கினார். அது கண்டுபிடித்துத் தந்தவற்றை மறுபடி அதற்கே பாடமாக்கினார். 2023 ஆகஸ்டிலே ஓர் இரவு, விருந்தொன்றிலே நண்பர்களோடு இருந்தபோது கைப்பேசியைப் பார்த்தார், எழுத்துக்கள்! அக்டோபர் 12-ஆம் நாள் அறிவித்தார்கள். பிரிக்கப்படாத ஹெர்குலேனியச் சுருளுக்குள்ளிருந்து படிக்கப்பட்ட முதல் முழுச் சொல்: போர்ஃபிராஸ். ஊதா நிறம்! கடல் நத்தையை நசுக்கி எடுத்த, அரசர்களும் செல்வர்களும் மட்டுமே உடுத்த முடிந்த, விலையுயர்ந்த சாயத்தின் பெயர். கரியைத் திறந்தால் முதலிலே வந்தது வண்ணம்!

அதே இடத்தை இன்னும் தெளிவாகக் காட்டியவர், பெர்லினிலே ஆராய்ச்சி மாணவராக இருந்த எகிப்தியர் யூசுஃப் நாதர். நைல் நாணல் எகிப்திலிருந்து போயிற்று. அதிலே எழுதியதைப் படிக்க எகிப்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார்! சூரிச்சிலே படித்த ஜூலியன் ஷில்லிகர், ஏட்டின் கோட்டைக் கையால் குறிக்கும் வேலையைக் கணிப்பொறியே செய்யும்படி வழி வகுத்தார். 1750-களிலே அந்த மாளிகைக்கு முதன்முதல் வரைபடம் தீட்டிய பொறியாளர் கார்ல் வேபரும் சுவிட்சர்லாந்துக்காரரே. தற்செயல்தான், ஆனால் இனிக்கும் தற்செயல். தனித்தனியே ஓடிய மூவரும் கடைசிக் கட்டத்திலே கை கோத்தனர். 2024 பிப்ரவரி 5-ஆம் நாள், 7 இலட்சம் டாலர் பரிசு அவர்களுக்கு என்று அறிவிப்பு வந்தது. 15 பத்திகள், 2,000-க்கு மேற்பட்ட எழுத்துக்கள். சுருள் முழுவதிலே நூற்றில் ஐந்து பங்குதான்.

'இருக்கட்டும் ஐயா, கணிப்பொறி கற்பனை செய்து எழுதியதாக இருந்தால்?' என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்கத்தான் வேண்டும்! வியப்பான செய்தி வந்தவுடனே கைதட்டுபவனைவிட, 'சான்று எங்கே?' என்று கேட்பவனே எனக்கு வேண்டியவன். சான்று இதோ. அந்தக் கணிப்பொறிக்குக் கிரேக்கம் தெரியாது. எழுத்து என்றால் என்னவென்றே தெரியாது. ஓர் எழுத்தைவிடச் சிறிய சதுரத்தைப் பார்த்து, 'இங்கே மை உண்டு, இங்கே இல்லை' என்று மட்டுமே சொல்லும். அப்படிச் சொன்ன புள்ளிகள் தாமாகவே சேர்ந்து, நேர்வரிசையிலே, இலக்கணம் பிழையாத கிரேக்கமாக அமைந்தன. அதைப் படித்தவர்களோ போட்டியாளர்கள் அல்லர். நேபிள்சிலும் பிரிட்டனிலும் உள்ள பாப்பிரசு அறிஞர்கள், ஃபெடரிக்கா நிக்கோலார்டி போன்றவர்கள். பொய்க்கு வழியை அடைத்துவிட்டுத்தான் மெய்யென்று சொன்னார்கள்.

என்ன எழுதியிருந்தது? இன்பத்தைப் பற்றி! இசை தரும் இன்பம், உணவு தரும் இன்பம்; கேப்பர் என்ற ஊறுகாய் மொட்டுகூட அதிலே வருகிறது. கேள்வி இது: அரிதாகக் கிடைப்பது அதிக இன்பம் தருமா, ஏராளமாகக் கிடைப்பது குறைந்த இன்பமா? அரிதாயிருப்பதாலேயே ஒன்று இனிமையாகிவிடாது என்ற பக்கமே சாய்கிறார் அந்த எழுத்தாளர். எண்ணிப் பாருங்கள்! சீசர் குடும்பத்து மாளிகையிலே, ஊதா உடுத்தோர் உலவிய கூடத்திலே, அலமாரியிலே இருந்த ஏடு: 'எல்லோருக்கும் கிடைப்பது என்பதாலே அது தாழ்ந்ததல்ல!' முடிவிலே எதிர்க்கட்சித் தத்துவவாதிகளை ஒரு குத்து குத்துகிறார், இன்பத்தைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல ஒன்றுமே இல்லையென்று. இரண்டாயிரம் ஆண்டு புதைந்து கிடந்தும் அந்தக் குத்தின் சூடு ஆறவில்லை!

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். செல்வர் பரிசு வைத்தார், செயல் நடந்தது. எனவே எல்லா ஆராய்ச்சிக்கும் செல்வர் பரிசே வழி என்று சிலர் பேசுகிறார்கள். நான் உடன்படமாட்டேன். பரிசு, கடைசி ஓராண்டு ஓட்டத்துக்கு. அதற்கு முன்னே இருபது ஆண்டு நடை இருக்கிறது. அந்த நடைக்குச் சோறு போட்டது பல்கலைக்கழகமும் அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிதியும். டயமண்ட் ஒளிக்கூடம் பெரும்பாலும் பிரிட்டிஷ் மக்களின் வரிப்பணம். சுருளைக் காத்து வைத்தது பொது நூலகங்கள். ஒரு நாட்டின் பொதுப்பணம் போட்ட அடித்தளத்தின் மேல் நின்று ஒரு செல்வர் கொடி ஏற்றினார். கொடி ஏற்றியவருக்குக் கை தட்டுவோம். அடித்தளத்தை இடிக்கச் சொன்னால் கை தட்டோம்.

கதை அங்கேயே நின்றுவிடவுமில்லை. ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்துச் சுருள் ஒன்றை 2024-இலே டயமண்டிலே படமெடுத்தார்கள். அதன் மை எப்படியோ சற்று அடர்த்தியானது. எழுத்து எளிதாகத் தெரிந்தது. 2025 பிப்ரவரியிலே அதிலிருந்து ஒரு சொல் வெளிவந்தது: அருவருப்பு. மே மாதத்திலே தலைப்பே தெரிந்தது: பிலோடெமஸ் எழுதிய 'தீக்குணங்கள் பற்றி'. பிரிக்காத சுருளின் தலைப்பும் ஆசிரியர் பெயரும் படிக்கப்பட்டது அதுவே முதல் முறை. கண்டவர்கள் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்து இளைஞர்கள் மார்செல் ரோத், மிக்கா நோவாக். பரிசு 60,000 டாலர். இதற்கிடையே, முன்பே பிரித்து வைத்திருந்த வேறொரு சுருளைப் புதிய ஒளிப்பட முறையால் ஆராய்ந்த இத்தாலிய அறிஞர்கள், பிளாட்டோ தம் கல்விக்கூடத் தோட்டத்திலேயே புதைக்கப்பட்டார் என்ற குறிப்பை 2024-இலே படித்துச் சொன்னார்கள்.

அந்த மாளிகை? கலிபோர்னியாவிலே எண்ணெய் முதலாளி கெட்டி அதன் மாதிரியிலே ஒரு மாளிகையே கட்டினார். 1974-இலே அருங்காட்சியகமாகத் திறந்தது. மக்கள் சென்று பார்க்கிறார்கள். அசல் மாளிகையோ இன்னும் பெரும்பகுதி பாறைக்குள்ளே! 1765-இலே நச்சுக்காற்று வந்ததால் சுரங்கங்களை மூடினார்கள். 1990-களிலே ஒரு பகுதியைத் திறந்தவெளியாகத் தோண்டியபோது, யாரும் அறியாத கீழ்த்தளங்கள் இருப்பது தெரிந்தது. கிடைத்த நூல்கள் பெரும்பாலும் கிரேக்கம். இலத்தீன் நூல்கள் கீழ்த்தளத்திலே இருக்கலாம் என்று எண்ணுவோர் உண்டு. தோண்டுக, மலை மறுபடி வெடித்தால் என்னாவது என்கிறது ஒரு கட்சி. இருப்பதைக் காக்கவே பணமில்லை. தோண்டித் திறந்தவை மழையிலும் வெயிலிலும் சிதைகின்றன. முதலில் இருப்பதைப் படிப்போம் என்கிறது மறு கட்சி. பதேர்னியின் கத்தியை நினைத்துக்கொண்டால் மறு கட்சியின் பக்கமே என் மனம் போகிறது. வெசுவியசை நினைத்துக்கொண்டால் முதல் கட்சியின் பக்கம் ஓடுகிறது.

மேலே இன்றைய எர்கொலானோ ஊர். வீடுகள், தோட்டங்கள், துணி உலர்த்தும் கொடிகள். நேபிள்ஸ் நூலகத்தின் அடுக்குகளிலே, பிரிக்கப்படாத சில நூறு கரிக்கட்டைகள், ஒவ்வொன்றும் எண்ணிட்ட தட்டிலே. பாரிசுச் சுருளிலே, 2024-இலே பரிசு அறிவித்தபோது, தொண்ணூற்றைந்து பங்கு படிக்கப்படாமலே இருந்தது.